ரத்த வகை உணவுப் பட்டியல் கைக்கு வந்தால் அதைச் சோதிப்பது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை தொடங்கி வேலந்தாவளம், கோபாலபுரம் வரையுள்ள தமிழ் வீடுகளின் சமையலில் இரண்டு மாநிலங்களும் கலந்திருக்கும். காலையில் புட்டும் கடலைக்கறியும், மதியம் மட்ட அரிசி எனப்படும் சிவப்புப் புழுங்கலரிசிச் சோறும் கொள்ளுப் பருப்பும், இரவில் கடையிலிருந்து வந்த புரோட்டாவும் ஒரே நாளில் ஒரே வீட்டில் பரிமாறப்படும். “ஓ குரூப்பா? கோதுமையை விடுங்கள். ஏ குரூப்பா? கறி மீனை மறந்துவிடுங்கள்” என்று சொல்லும் பட்டியல் இந்தச் சமையலறைக்குள் வாட்ஸ்அப் வழியாகவோ, எடை குறைப்பு வகுப்பு ஒன்றின் வழியாகவோ வந்து சேரும்போது அதை என்ன செய்வது என்று இங்கே பார்ப்போம். விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். பட்டியலைப் பின்பற்றிய சிலருக்கு உடம்பு தேறியிருப்பது உண்மைதான், ஆனால் அந்த நன்மை ரத்த வகையால் வந்ததில்லை. எனவே பட்டியலின் தலைப்பில் இருக்கும் ரத்த வகையை அடித்துவிட்டு, கீழே மிஞ்சும் உணவை மட்டும் எடைபோட வேண்டும்.

அதற்கு முன் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ரத்த வகைகளைக் கண்டறிந்தவர் வியன்னாவில் பணியாற்றிய கார்ல் லாண்ட்ஸ்டைனர். 1901இல் கட்டுரை வெளியிட்டார், 1930இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய கண்டுபிடிப்பு ரத்தம் ஏற்றுவதைப் பற்றியது. சாப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டு உலகெங்கும் பரப்பியது பீட்டர் டி’அடமோ என்ற அமெரிக்க இயற்கை மருத்துவர் 1996இல் வெளியிட்ட புத்தகம். ஓ வகையினர் வேட்டையாடி வாழ்ந்தவர்களின் வழிவந்தவர்கள் என்பதால் இறைச்சியை மிகுதியாக உண்டு கோதுமை, பால், பயறு வகைகளைக் குறைக்க வேண்டும் என்றும், ஏ வகையினர் உழவர் வழியினர் என்பதால் சைவமே ஏற்றது என்றும், பி வகையினர் மேய்ச்சல் நாடோடிகளின் வழியினர் என்பதால் பால் ஒத்துக்கொள்ளும், ஆனால் கோழிக்கறி, மக்காச்சோளம், நிலக்கடலை, எள் ஆகியவை ஆகா என்றும் அது கூறுகிறது. ஏபி வகையினருக்கு இரண்டும் கலந்த ஒரு பட்டியல்.

முதல் சோதனையைக் காசு செலவில்லாமல் வீட்டிலேயே செய்யலாம். குடும்பத்தில் உள்ள எல்லோருடைய ரத்த வகையையும் ஒரு தாளில் எழுதி, பட்டியலை ஒவ்வொருவருக்கும் பொருத்திப் பாருங்கள். தந்தை ஓ, தாய் ஏபி என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு வழக்கமாக அமைவது ஏ அல்லது பி. தாயின் வகையும் வராது, தந்தையின் வகையும் வராது. மூத்தவள் ஏ, இளையவன் பி என்றால் ஒரே அடுப்பில் நான்கு பட்டியல்கள். மூத்தவளுக்குப் பால் ஆகாது, இளையவனுக்குப் பால் நல்லது. கோழிக்குழம்பு வைத்தால் தாயும் இளையவனும் தொடக்கூடாது. நல்லெண்ணெயில் தாளித்தால் அதுவும் அவர்கள் இருவருக்கும் விலக்கு. சமைப்பவர் படும் பாடு ஒருபுறம் இருக்கட்டும், இதில் அறிவுக்கு இடிக்கும் செய்தி ஒன்று உண்டு. ரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணு 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சிவப்பணுவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் எந்தச் சர்க்கரையை ஒட்டுவது என்பதே அதன் வேலை. பாலைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் நொதிக்கான மரபணு 2ஆம் குரோமோசோமில் இருக்கிறது. கோதுமை சிலருக்கு உண்டாக்கும் சீலியாக் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. இவை தனித்தனியே பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்பவை. ஒருவருக்குப் பால் ஒத்துக்கொள்ளுமா என்று அறிய அவர் பால் குடித்தபின் வயிறு என்ன சொல்கிறது என்று பார்ப்பதே வழி. அவருடைய ரத்த வகை அதைச் சொல்லாது.

வேட்டை, உழவு, மேய்ச்சல் என்ற வரலாற்றுக் கதையில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. ஏ, பி வேறுபாடு மனித இனத்தைவிடப் பழையது. அது குரங்கினங்களோடு பகிர்ந்துகொண்ட, குறைந்தது 2 கோடி ஆண்டு பழமை உள்ள வேறுபாடு என்று 2012இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஓ வகையின் மிகப் பரவலான வடிவமோ ஏ மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டு அது வேலை செய்யாமல் போனதால் உண்டானது. ஓ முதலில் வந்தது, உழவு தொடங்கியபின் ஏ வந்தது என்ற வரிசை இதோடு பொருந்தாது.

நின்று பேச வேண்டியது லெக்டின் என்ற சொல்லைப் பற்றி, ஏனெனில் பட்டியலுக்கு அறிவியல் தோற்றம் தருவது அதுதான். ஆய்வகத்தில் ரத்த வகை பார்ப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். வெள்ளை ஓட்டின் மேல் விரல் நுனி ரத்தத்தைத் தனித்தனித் துளிகளாக வைத்து, ஒன்றில் நீல நிற மருந்தும் அடுத்ததில் மஞ்சள் நிற மருந்தும் விட்டுக் குச்சியால் கலக்குவார்கள். நீலம் விட்ட துளி திரிந்து மணல்போல் கட்டிகட்டியானால் ஏ. மஞ்சள் விட்ட துளி திரிந்தால் பி. இரண்டும் திரிந்தால் ஏபி. இரண்டும் திரியாவிட்டால் ஓ. உணவில் உள்ள லெக்டின் என்ற புரதங்களும் இதேபோல் நம் ரத்தத்தை உடம்புக்குள் திரியச் செய்கின்றன, எந்த லெக்டின் யாருக்கு ஆகாது என்பது அவரவர் வகையைப் பொறுத்தது என்பதே டி’அடமோவின் வாதம்.

இந்த வாதத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அது நம் அடுக்களையிலேயே இருக்கிறது. நாம் கொள்ளு என்றும், மலையாளிகள் முதிர என்றும், ஆந்திரத்தில் உலவலு என்றும் சொல்லும் பயற்றின் லெக்டின், ஏ வகையில் பெரும்பாலோருக்கு உள்ள ஏ1 என்ற உட்பிரிவின் சிவப்பணுக்களைத் திரியச் செய்யும். பி, ஓ வகையினரின் அணுக்களை விட்டுவிடும். இதை 1951இல் ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட் என்ற மருத்துவர் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். ஏ1, ஏ2 என்று பிரித்தறிய ரத்த வங்கிகள் கொள்ளிலிருந்து எடுத்த சாற்றை இன்றுவரை பயன்படுத்துகின்றன. பட்டியலின் கொள்கை சரியென்றால் கொங்கு நாட்டிலும் சித்தூரிலும் ஏ வகையினர் எவரும் கொள்ளு ரசம் குடித்துவிட்டு நலமாக இருக்கக்கூடாது. தலைமுறை தலைமுறையாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். காரணம் எளியது. ஆய்வகச் சாறு பச்சைக் கொள்ளிலிருந்து எடுக்கப்பட்டு நேரே சிவப்பணுக்களோடு கலக்கப்படுகிறது. நாம் கொள்ளை ஊறவைத்து, குக்கரில் பல விசில் விட்டு, கடைந்து உண்கிறோம்; நீரோடு சேர்ந்த நல்ல சூட்டில் அந்தப் புரதம் கட்டமைப்பு குலைந்து செயலிழந்துவிடுகிறது. மேலும், உணவில் உள்ள லெக்டின்களில் பெரும்பாலானவை ஏ, பி என்று ஆள் பார்ப்பதே இல்லை. ராஜ்மா பயற்றின் லெக்டின் இதற்குச் சான்று: வேகாமல் தின்றால் எந்த ரத்த வகையினருக்கும் வாந்தியும் பேதியும் வரும், நன்றாகக் கொதிக்கவைத்தால் எவருக்கும் வராது. ஆகவே லெக்டின் அச்சம் உள்ளவர் செய்ய வேண்டியது பயறுகளை இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாகக் கொதிக்கும்படி வேகவைப்பதுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பெல்ஜியத்தின் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் இது தொடர்பாக வெளிவந்த கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள்; ரத்த வகை உணவால் நன்மை உண்டு என்பதற்குச் சான்று ஏதும் இல்லை என்பதே அந்த முடிவு. 2014இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தினர் 1,455 பேரின் உணவுப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் உணவும் நான்கு பட்டியல்களில் ஒவ்வொன்றோடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டார்கள். ஏ பட்டியலை ஒத்த உணவு உண்டவர்களுக்கு எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவை குறைவாக இருந்தன. ஆனால் அவர்கள் ஏ வகையினராக இருந்தாலும் ஓ வகையினராக இருந்தாலும் பலன் ஒன்றே. 2021இல் அமெரிக்காவில் கொழுப்புக் குறைந்த தாவர உணவை 16 வாரம் உண்டவர்களிடமும் ஏ வகையினருக்கும் மற்றவர்களுக்கும், ஓ வகையினருக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. காய்கறி, பயறு, முழுத்தானியம் மிகுந்த, இறைச்சி குறைந்த ஒரு சாப்பாடு எல்லோருக்கும் நன்மை செய்கிறது. அதன் நெற்றியில் ஏ என்று எழுதியிருப்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பட்டியலைப் பின்பற்றி உங்கள் மாமாவுக்கு எடை குறைந்தது என்றால் அதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஓ பட்டியலைப் பிடித்தவர் புரோட்டாவையும் பேக்கரிப் பலகாரத்தையும் பால் ஊற்றிய சர்க்கரைத் தேநீரையும் ஒரே நாளில் நிறுத்தியிருப்பார். எந்த ரத்த வகையினரானாலும் அதற்கு இடுப்பு இளைக்கும்.

இனி உங்கள் கையில் உள்ள பட்டியலுக்கு வருவோம். அதை மூன்றாகப் பிரியுங்கள். மைதா, இனிப்பு, எண்ணெயில் பொரித்தது, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றை விலக்கச் சொல்லும் வரிகளை வைத்துக்கொள்ளுங்கள். அவை குடும்பத்தார் அனைவருக்கும் பொருந்தும். பருப்பு, பயறு, நிலக்கடலை, எள், தயிர், தக்காளி போன்ற அன்றாட உணவை ரத்த வகையைக் காரணம் காட்டி விலக்கும் வரிகளை அடித்துவிடுங்கள். உண்டபின் உங்களுக்கு உண்மையிலேயே அரிப்போ வயிற்றுக் கோளாறோ வந்திருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நம் ஊரில் கிடைக்காத, விலை மிகுந்த பொருளையோ எடை குறைப்பு வகுப்பு நடத்துபவர்களே விற்கும் பொடியையோ வாங்கச் சொல்லும் வரிகளுக்கு விளக்கம் தேவையில்லை. தேங்காயை அடியோடு நிறுத்தச் சொல்லும் பட்டியலும் புழங்குகிறது; அளவைக் குறைப்பது பலருக்கும் நல்லதே, ஆனால் அதற்கும் ரத்த வகைக்கும் சம்பந்தமில்லை.

அடித்தபின் தட்டில் எதை வைப்பது என்பதற்கு ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியைக் கொள்ளலாம். நாளுக்குக் காய்கறியும் பழமும் சேர்ந்து 500 கிராம், மொத்த ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டுக்கு மேல் போகாமை, உப்பு 5 கிராமுக்குள் என்பவை அதில் நமக்கு மிகவும் தேவைப்படுபவை. எல்லைப்புறத்துச் சாப்பாட்டில் இதைக் கொண்டுவருவது கடினமன்று. மட்ட அரிசிச் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கொள்ளையோ கடலையையோ ஒரு கரண்டி கூட்டி, அவியலையோ தோரனையோ தொடுகறி அளவிலிருந்து சோற்றுக்கு இணையான அளவுக்கு உயர்த்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். மட்ட அரிசி என்பதற்காக அளவில்லாமல் உண்ணலாம் என்று நினைப்பவர் பலர், அதுவும் சோறுதான்.

பலனை அளக்காமல் எந்த உணவுமுறையையும் தொடரக்கூடாது. தொடங்கும் நாளில் எடை, தொப்புள் மட்டத்து இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொலஸ்ட்ரால் ஆகியவற்றைக் குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். இந்தியர்களுக்கு இடுப்பு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் கவனம் தேவை, எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் அது நீரிழிவு. இந்த எண்கள் உங்கள் உணவைப் பற்றிச் சொல்வதில் நூறில் ஒரு பங்கைக்கூட ரத்த வகை சொல்வதில்லை.

பட்டியலை எந்த நிலையிலும் தாமாகத் தொடங்கக்கூடாதவர்கள் சிலர் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் தானியத்தைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு ஓ பட்டியலின் மிகுந்த இறைச்சி சுமையாகும். ரத்தச்சோகை உள்ள பெண், கர்ப்பிணி, வளரும் பிள்ளை ஆகியோருக்கு ஏ பட்டியலின்படி பாலையும் கறியையும் ஒருசேர நிறுத்தினால் இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் கால்சியமும் குறையும். இவர்கள் மாற்றத்துக்கு முன்பே மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிப் பேச வேண்டும்.

ரத்த வகைக்கும் நோய்களுக்கும் தொடர்பே இல்லை என்றும் எண்ண வேண்டாம். ஓ அல்லாதவர்களுக்கு ரத்த நாளத்தில் ரத்தம் உறைந்து அடைக்கும் வாய்ப்பு சற்று அதிகம். ஓ வகையினருக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் இவற்றை மாற்றும் சாப்பாடு எதுவும் இல்லை. வகை தெரிந்திருப்பது உண்மையில் உதவும் இடங்கள் வேறு: கர்ப்பிணி நெகட்டிவ் வகையினராக இருந்து கணவர் பாசிட்டிவாக இருந்தால் குழந்தையின் ரத்தத்துக்கு எதிரான எதிர்ப்பு தாயின் உடலில் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படும் என்பதால் முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிட வேண்டும். விபத்தோ அறுவையோ நேர்ந்தால் பாலக்காட்டு மருத்துவமனையானாலும் பொள்ளாச்சி மருத்துவமனையானாலும், உங்கள் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், வகையை மறுபடி பார்த்து, கொடையாளியின் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்த பிறகே ஏற்றுவார்கள். அட்டை இல்லை என்று பதற வேண்டியதில்லை.