பார்கின்சன் உள்ளவருக்கு வீட்டில் வி.ஆர். நடைப்பயிற்சி

வி.ஆர். என்பது தலையில் மாட்டும் கருவி (ஹெட்செட்) கண்முன் காட்டும் கணினிக் காட்சி. பார்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில்தான் பயிற்சி; பலருக்கு அது விழுங்கிய 45 முதல் 60 நிமிடத்தில் தொடங்கும். முன்னதாகப் படுத்தும், 3 நிமிடம் நின்றும் ரத்த அழுத்தம் பாருங்கள். நிற்கையில் மேல் அளவு 20 குறைந்தால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லாத உருவங்கள் தெரிபவர், வலிப்பு உள்ளவர், மூளையில் மின்முனை பொருத்தியவர் மருத்துவர் அனுமதியின்றித் தொடங்கக் கூடாது.

கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளில் கூடமே வசதி. ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலியாக்குங்கள். தூணும் முற்றத்து விளிம்பும் நன்றாகத் தள்ளியிருக்கட்டும். ஹெட்செட்டில் பயிற்சி இடத்தைச் சுற்றி வரையும் எல்லைக்கோட்டை நம்பி அவரை முற்றத்தின் ஓரத்தில் நிறுத்தாதீர்கள்.

முதலில் கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்தே 10 நிமிடம். நிற்கத் தொடங்கியதும் ஒருவர் பக்கவாட்டில், சற்றுப் பின்னால், இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி நிற்க வேண்டும்.

கால் தரையோடு ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், இழுத்தால் முன்னால் சாய்வார். நிறுத்தி, எடையை இடம் வலம் மாற்றி, பெரிய அடி வைக்கச் சொல்லுங்கள். சிவப்புத் தரையில் 40 முதல் 50 செ.மீ. இடைவெளியில் வெள்ளை டேப் ஒட்டி, ஹெட்செட்டில் அறை தெரியும்படி வைத்து, கோடுகளைத் தாண்டச் செய்வது நல்லது.

உடல் அசையாமல் காட்சி மட்டும் ஓடினால் தலைசுற்றும். பொத்தானால் நகரும் விளையாட்டுகளைத் தவிருங்கள்.