கோவை விஷ்ணுபுரம் விழாவுக்கு முதல் தடவை போகிறீர்களா?

டிசம்பரில் கோவையில் நடக்கும் விஷ்ணுபுரம் இலக்கிய விழாவுக்கு, எழுதத் தொடங்கியிருக்கும் யாரும் ஒரு முறையாவது போய்வர வேண்டும். 2010 முதல் விருது கொடுக்கிறார்கள், ஆனால் எனக்கு முக்கியம் எழுத்தாளர் சந்திப்புகள்தான். அவை வாசகர் கேள்விகளால்தான் நகரும். அதனால் அழைக்கப்பட்டவர்கள் யார் என்று தெரிந்ததுமே, ஆளுக்கு ஒரு புத்தகமாவது படித்துவிடுங்கள். "எப்படி எழுதுகிறீர்கள்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும், "இந்தக் கதையை ஏன் அந்த அம்மாவின் பார்வையில் சொல்லவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள், பல மாதம் நீங்களே முட்டி மோதிக் கற்க வேண்டிய ஒன்று ஐந்து நிமிடத்தில் கிடைக்கலாம். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், அன்று இரவே.

கையெழுத்துப் பிரதியை யார் கையிலும் திணிக்காதீர்கள். டீ இடைவேளையில் பேசுங்கள், போதும்.

அப்புறம் பதிப்பாளர் யாராவது உங்கள் புத்தகத்தைப் போட முன்வந்தால், சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். ராயல்டி, அதாவது விற்பனையில் உங்களுக்கு வரும் பங்கு, எத்தனை சதவீதம், எப்போது கணக்குத் தருவார்கள், மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகள் யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் அது 5 ஆண்டுகளுக்கு என்றே கொள்ளப்படும். 'நிரந்தரமாக' என்ற சொல் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திப் பேசுங்கள்.