மண் தடப் பந்தயத்துக்கு முதல் சேஸிஸ்: எடையை எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் கோடைக்காலச் சனிக்கிழமை ராத்திரி என்றால் பல சின்ன ஊர்களில் மண் தடத்துப் பந்தயம்தான். அயோவாவின் நாக்ஸ்வில், ஒஹாயோவின் எல்டோரா இரண்டும் பெரிய பெயர் எடுத்த அரை மைல் தடங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு உள்ளூர்த் தடத்துக்குப் போய், நண்பரின் காருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கத் தொடங்கி, பிறகு சொந்தமாக ஒரு கார் கட்டும் ஆசை வந்தவன் நான். அதே ஆசையோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, “எடை குறைந்த சேஸிஸ் எது?” என்பதுதான். சேஸிஸ் என்றால் காரின் ஃபிரேமும் அதன்மேல் நிற்கும் கூண்டும் சேர்ந்த சட்டகம். என் பதில் இது: ஓட்டுநரைச் சுற்றி நிற்கும் கூண்டில் ஒரு கிராம்கூடக் குறைக்காதீர்கள். எடையைக் குறைக்க வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன.

படி 1: விதிப் புத்தகம்

சேஸிஸ் பார்க்கப் போவதற்கு முன்னால், உங்கள் ஊர்த் தடத்தில் எந்தப் பிரிவு ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பிரிவின் இந்த ஆண்டு விதிப் புத்தகத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போன ஆண்டுப் புத்தகம் உதவாது.

ஸ்பிரின்ட் கார், அதாவது பந்தயத்துக்கென்றே கட்டும் சின்னத் திறந்த சக்கரக் கார், பார்க்க அழகாக இருக்கும். ஏறக்குறைய 1,400 பவுண்டு எடை, 900 குதிரைத்திறனை ஒட்டிய என்ஜின். தொடங்குகிறவர்களுக்கு அது வேண்டாம். ஹாபி ஸ்டாக், ஸ்ட்ரீட் ஸ்டாக் பிரிவுகளில் பழைய சாலைக் காரின் ஃபிரேம்மீது கூண்டைப் பற்றவைத்து ஓட்டலாம். ஐ.எம்.சி.ஏ. என்ற அமெரிக்கப் பந்தய அமைப்பின் மாடிஃபைடு பிரிவுக்கும் அடிப்படை சாலைக் காரின் ஃபிரேம்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1978 முதல் 1988 வரை செய்த மான்டி கார்லோ, மாலிபு, கட்லஸ், ரீகல் கார்களின் அடிச்சட்டத்தை எல்லோரும் ‘மெட்ரிக் ஃபிரேம்’ என்பார்கள். வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையேயான தூரம், 108 அங்குலம். அதற்கான சஸ்பென்ஷன் பாகங்கள் சுலபமாகக் கிடைக்கும், அதை அறிந்த மெக்கானிக்குகளும் நிறையப் பேர். முதல் காருக்கு நான் சொல்வது இதைத்தான்.

படி 2: எடைக் கணக்கு

பெரும்பாலான பிரிவுகளில் பந்தயம் முடிந்ததும் ஓட்டுநரோடு சேர்த்துக் காரை எடை போடுவார்கள். குறைந்தபட்ச எடைக்குக் கீழே இருந்தால் தகுதி நீக்கம். உங்கள் பிரிவின் குறைந்தபட்சம் 2,450 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். கார் 2,380-தான் வருகிறது என்றால் 70 பவுண்டு ஈயம் ஏற்றியே ஆக வேண்டும். அப்படியானால், மெல்லிய கூண்டு போட்டு மிச்சப்படுத்திய எடை எங்கே போயிற்று? ஈயக் கட்டியாகத் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பதில் அந்த எடை கனமான குழாயாகவே இருந்திருந்தால் உங்கள் உயிரைக் காக்கும்.

எடையை மிச்சம் பிடிப்பதில் லாபம் உண்டு, மறுக்கவில்லை. மேலே இருக்கும் எடையைக் குறைத்து, அதே அளவு ஈயத்தைக் கீழேயும் இடப்பக்கமும் வைக்கலாம். கார் எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால் அது பலன் தரும். ஆனால் குறைப்பது கூண்டாக இருக்கக் கூடாது. பாடித் தகடு, பம்பர், சீட்டுக்குப் பின்னால் காரணமில்லாமல் தொங்கும் பிராக்கெட், தேவைக்கு மேல் பெரிய பேட்டரி, இவற்றில் தேடுங்கள். மண் தடத்தில் இன்னொன்றும் இருக்கிறது: கார் கழுவினாலும் உள்ளே ஒட்டியிருக்கும் களிமண். ஒருமுறை நாங்கள் சுரண்டி எடுத்ததே ஒரு வாளி நிறைய வந்தது.

ஈயத்தைக் கம்பி கட்டி நிறுத்தாதீர்கள். ஃபிரேமோடு அரை அங்குல போல்ட் இரண்டு போட்டு முடுக்கி, வெள்ளை பெயின்ட் அடித்து, மேலே கார் எண்ணை எழுதுங்கள். பல அமைப்புகள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன. ஈயம் கழன்று தடத்தில் விழுந்தால் பின்னால் வருகிற காரைத் தாக்கும்.

படி 3: குழாய்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான தவறான பேச்சு இதில்தான் இருக்கிறது.

கூண்டுக்குப் பொதுவாக இரண்டு வகைக் குழாய். ஒன்று டி.ஓ.எம். எனப்படும் மைல்ட் ஸ்டீல் குழாய். அச்சின்மேல் இழுத்துச் சீராக்கியதால் கனம் (குழாய்ச் சுவரின் தடிமன்) ஒரே மாதிரி இருக்கும். இன்னொன்று 4130 குரோமோலி, குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த எஃகு. “குரோமோலி லேசானது” என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரியில்லை. இரண்டின் அடர்த்தியும் ஒன்றுதான், ஒரே அளவுக் குழாய் ஒரே எடைதான் இருக்கும். வளையாமல் நிற்கும் விறைப்பும் கிட்டத்தட்ட ஒன்றே. குரோமோலியின் வலிமை கூடுதல் என்பதால் விதி அனுமதித்தால் மெல்லிய கனம் போடலாம், அவ்வளவுதான்.

எடையை நீங்களே கணக்குப் போடலாம். அளவு எல்லாம் மில்லிமீட்டரில்: (வெளிவிட்டம் − கனம்) × கனம் × 0.02466. விடை, ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது.

1.75 அங்குல வெளிவிட்டம், 0.095 அங்குலக் கனம் என்ற பழக்கமான அளவை எடுப்போம். மீட்டருக்கு 2.5 கிலோ. 30 மீட்டர் குழாய் போனால் 75 கிலோ. கனத்தை 0.083 ஆக்கினால் 66 கிலோ, 9 கிலோ மிச்சம். விட்டத்தை 1.5 அங்குலமாக்கி, கனத்தை 0.095-லேயே வைத்தால் 64 கிலோ, 11 கிலோ மிச்சம். இரண்டிலும் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுதானே என்று தோன்றும். விறைப்பைப் பாருங்கள்: முதல் வழியில் சுமார் 11 சதவீதம் குறைகிறது, இரண்டாவதில் 39 சதவீதம் குறைகிறது! விட்டத்தைக் குறைப்பது அவ்வளவு பெரிய இழப்பு. அதனால் முதன்மைக் கூண்டின் விட்டத்தை ஒருபோதும் குறைக்காதீர்கள். கனத்தைக் குறைக்கலாமா என்பதையும் உங்கள் விதிப் புத்தகமே சொல்லட்டும்.

குரோமோலியைச் சரியாகப் பற்றவைக்க டிக் (TIG) வெல்டிங்கும் தேர்ந்த கையும் வேண்டும். பற்றவைத்த உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்தால் அந்த இடம் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். குரோம் முலாமும் பூசாதீர்கள், அதுவும் எஃகை நொறுங்க வைக்கும். வீட்டு ஷெட்டில் சுலபமான மிக் (MIG) வெல்டிங் செய்யப் போகிறீர்கள் என்றால் டி.ஓ.எம். போதும். அப்புறம், தண்ணீர்க் குழாய், சைலன்சர் குழாய் எதையும் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

படி 4: கூண்டின் வடிவம்

ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பின்வளையம் ஒரே குழாயாக, இணைப்பு இல்லாமல் வளைத்திருக்க வேண்டும். வளைவின் உள்பக்கம் சுருங்கியிருந்தால் அந்தக் குழாய் வேண்டாம். சேரும் இடம் ஒவ்வொன்றிலும் முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கோணம் கலையாது, வெறும் சதுரம் சாய்ந்துவிடும்.

ஓட்டுநர் பக்கக் கதவில் குறைந்தது மூன்று குறுக்குக் குழாய்கள், அவற்றின் வெளிப்பக்கம் எஃகுத் தகடு. இடப்பக்கத்தில் வேறொரு காரின் பம்பர் நேராக வந்து இடிக்கும் இடம் இது.

படி 5: பழைய சேஸிஸைச் சோதிப்பது

முதல் காருக்குப் பெரும்பாலும் பழைய சேஸிஸ்தான் வாங்குவோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். பளபளவென்று நீல பெயின்ட். மாலை இருட்டில், ஷெட்டின் மங்கலான வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். வீட்டில் பெயின்டைச் சுரண்டியபோது, ஸ்டீயரிங் பாக்ஸ் அருகே ஃபிரேமில் விரிசல். அதன்மேல் ஒரு தகட்டை வைத்து ஒட்டி மூடியிருந்தார்கள். அந்தப் பருவத்தின் பாதி அதைச் சரிசெய்வதிலேயே போயிற்று.

அதனால் பகலில் போங்கள். வெர்னியர் காலிபர், டேப், டார்ச், கம்பி பிரஷ் எடுத்துப் போங்கள். புது பெயின்ட் என்றால் மூட்டுகளில் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் திரும்பிவிடுங்கள். ஸ்டீயரிங் பாக்ஸ் பொருந்தும் இடம், பின்புற ஃபிரேம் வளைந்து ஏறும் இடம், கூண்டின் கால்கள் ஃபிரேமில் நிற்கும் இடம் மூன்றையும் துரு, விரிசலுக்காகப் பாருங்கள். சந்தேகமான மூட்டில் சிவப்புச் சாயம் தெளித்து, கிளீனரால் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். இந்த மூன்று ஸ்பிரேயும் ஒரு செட்டாகக் கிடைக்கும்.

கூண்டுக் குழாயைக் காலிபரால் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். நேரான பகுதியில் ஒரு பக்கம் அழுந்தியிருந்தால் அந்தக் கார் உருண்டிருக்கலாம். மெட்ரிக் ஃபிரேமில் இரு பக்கமும் ஒத்த துளைகளை எடுத்து மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் விலையைப் பேசுவதற்கு முன் யோசியுங்கள். மண் தடத்துக்கென்றே கட்டிய சேஸிஸில் இரு பக்கமும் ஒத்திருக்காது, அதற்குத் தயாரித்தவரின் அளவுத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.

படி 6: உட்கார்ந்து பார்ப்பது

ஹெல்மெட், பெல்ட் எல்லாம் போட்டு உட்காருங்கள். கார் உருளும்போது பெல்ட் நீளும், உடம்பு மேலே எழும். ஹெல்மெட்டுக்கும் கூண்டுக்கும் இடையே மூன்று அங்குலமாவது இல்லையென்றால் சீட்டைத் தாழ்த்துங்கள், அல்லது வேறு சேஸிஸ் தேடுங்கள். உயரமானவர்களுக்கு இது முக்கியம். தலைக்கு எட்டும் குழாய்களில் எஸ்.எஃப்.ஐ. 45.1 (பந்தயப் பாதுகாப்புத் தரம்) முத்திரையுள்ள கெட்டி ஃபோம் ஒட்டுங்கள். மெத்தென்ற ஸ்பாஞ்ச் வேலைக்கு ஆகாது. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் போன்ற கருவியைத் தள்ளிப் போடாதீர்கள். 2001-இல் டேடோனா பந்தயத்தில் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் விபத்தில் இறந்த பிறகு அதே ஆண்டு அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் அத்தகைய கருவியைக் கட்டாயமாக்கியது.

பிறகு, ஜன்னல் வலையைக் கழற்றி, பெல்ட்டை விடுவித்து, ஜன்னல் வழியாக வெளியே வாருங்கள். அவசரத்தில் வெளியேற எவ்வளவு நேரமாகும் என்று பார்க்க, நண்பரை ஸ்டாப் வாட்சோடு நிறுத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டும் செய்து பாருங்கள். ஏதாவது ஒரு குழாய் காலைத் தடுக்கிறது என்றால், பற்றவைக்கும் முன்னால் அதை நகர்த்த இதுதான் நேரம்.