இரும்பு கலந்த தங்கம் குளிர்ந்தால் மின்தடை ஏன் ஏறுகிறது? ஒரு வரைபடத்தில் கோண்டோ விளைவு

உலோகம் குளிர்ந்தால் மின்தடை குறையும் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் 1934-ல் நெதர்லாந்தின் லைடன் ஆய்வகத்தில் இயற்பியலாளர் டி ஹாஸும் உடன் உழைத்தவர்களும் தங்கத்தைச் சில கெல்வின் வரை குளிர்வித்தபோது, இறங்கிக்கொண்டிருந்த தடை திரும்பி ஏறியது. விடை கிடைக்க 30 வருடம் ஆனது. ஒரு வரைபடத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தூய தங்கம்

கிடை அச்சில் வெப்பநிலை, செங்குத்து அச்சில் மின்தடை. எலக்ட்ரான்களை இடறிவிடுவது அணுக்களின் அதிர்வு. மிகக் குளிரில் இந்தத் தடை வெப்பநிலையின் ஐந்தாம் அடுக்காக விழும். வெப்பநிலை பாதியானால் தடை 32-ல் ஒரு பங்கு. சரிந்து இறங்கும் கோடு ஒன்று வரையுங்கள்.

படி 2: காந்தமில்லாத மாசு

கொஞ்சம் வெள்ளி கலந்தால் கோடு முழுவதும் சற்று மேலே ஏறும், அவ்வளவுதான். அடிமுனை தட்டையாக முடியும்.

படி 3: இரும்பு

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரும்பு அணுவுக்குச் சொந்தமாக ஒரு ஸ்பின் உண்டு; ஸ்பின் என்பது மேலோ கீழோ நோக்கும் ஒரு குட்டிக் காந்தம் போன்ற பண்பு, எலக்ட்ரானுக்கும் அது உண்டு. மேல்நோக்கிய ஸ்பினோடு வரும் எலக்ட்ரான், கீழ்நோக்கி இருக்கும் இரும்போடு ஸ்பினை மாற்றிக்கொண்டு போய்விடலாம். அடுத்து வரும் எலக்ட்ரான் சந்திப்பது பழைய இரும்பு அணுவை அல்ல, புரட்டப்பட்ட அணுவை. வெள்ளியால் இது முடியாது. இப்படி அடுத்தடுத்து நடக்கும் சிதறல்களை 1964-ல் ஜப்பானிய இயற்பியலாளர் ஜுன் கோண்டோ கணக்கிட்டார்; கோண்டோ விளைவு என்ற பெயர் அவரால் வந்தது. வெப்பநிலையின் மடக்கை (log) குறையக் குறைய, அதாவது குளிரக் குளிர, வளரும் ஓர் உறுப்பு அதில் வந்தது.

படி 4: கூட்டுங்கள்

தடை = நிலையான பங்கு + அ × வெ⁵ − இ × மடக்கை(வெ)

'வெ' வெப்பநிலை. மடக்கை இயற்கை மடக்கை. 'இ' இரும்பின் அளவுக்கு நேர்விகிதம். 'அ' தங்கத்துக்கே உரியது. வகைக்கெழுவைப் பூச்சியமாக்கினால் பள்ளத்தின், அதாவது தடை மிகக் குறைவாக இருக்கும் புள்ளியின், இடம் கிடைக்கும்:

வெ⁵ = இ ÷ (5 × அ)

அதாவது, பள்ளம் 5 கெல்வினில் இருந்து 10 கெல்வினுக்கு நகர வேண்டுமானால் இரும்பை 32 மடங்கு கூட்ட வேண்டும்! சோதனைகளில் பள்ளம் அவ்வளவு மெதுவாகத்தான் நகர்ந்தது. கோண்டோவின் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

படி 5: கோட்டை எங்கே நிறுத்துவது

சூத்திரத்தை நம்பிப் பூச்சிய கெல்வின் வரை போனால் தடை முடிவிலிக்குப் போகும். அது தவறு. கோண்டோ வெப்பநிலை என்ற ஓர் அளவுக்கு அருகிலேயே இந்தக் கணக்கு செல்லாமல் போகிறது. தங்கத்தில் இரும்புக்கு அது ஒரு கெல்வினுக்கும் கீழே. செம்பில் இரும்புக்குச் சுமார் 30 கெல்வின். அதற்குக் கீழே சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் சேர்ந்து இரும்பின் ஸ்பினை மறைத்துவிடுகின்றன, தடை ஏறுவது அடங்கித் தட்டையாகிறது. 1975-ல் அமெரிக்க இயற்பியலாளர் கென்னத் வில்சன் இதை முழுமையாகக் கணக்கிட்டுக் காட்டினார். ஆகவே இடது முனையைத் தட்டையாக முடியுங்கள்.

இன்னொன்று: இரும்பை அதிகம் கலந்துவிடாதீர்கள். அணுக்கள் ஒன்றையொன்று உணரத் தொடங்கினால் இந்தப் படமே மாறிவிடும்.

அப்புறம், கிடை அச்சை மடக்கை அளவுக்கு மாற்றி அதே படத்தை மறுபடி வரையுங்கள். பள்ளத்துக்கு இடப்புறம் வளைந்து ஏறிய பகுதி நேர்கோடாக நிமிரும். உண்மையான அளவீடு கைக்கு வந்தால் முதலில் தேட வேண்டியது அந்த நேர்கோட்டைத்தான்.