ரேஸில் கார்கள் மோதினால் தவறு யாருடையது? அவசரத் தீர்ப்பில் வரும் பிழைகள்

2021, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா 1 கார் பந்தயம். முதல் சுற்றிலேயே காப்ஸ் என்ற வளைவில் ஓட்டுநர்கள் ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் மோதிக்கொண்டார்கள். வெர்ஸ்டாப்பன் தடுப்பில் போய் இடித்த தாக்கம் 51ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 51 மடங்கு. பரிசோதனைக்காக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஹாமில்டனோ 10 விநாடி தண்டனை வாங்கியும் பந்தயத்தை ஜெயித்துவிட்டார். ரசிகர்கள் கொதித்தார்கள். கோபம் புரிகிறது, ஆனால் விளைவை வைத்துத் தவறை அளப்பதுதான் நாம் அதிகம் செய்யும் பிழை. அதே உரசல் மெதுவான வளைவில் நடந்திருந்தால் கார் ஒரு சுற்று சுழன்று நின்றிருக்கும். ஓட்டுநர் செய்த தப்பு ரெண்டு இடத்திலும் ஒன்றேதான்.

நடுவர்கள் எதைப் பார்த்தார்கள்? ஹாமில்டன் உள்பக்கம், சற்றே பின்னால். உள்ளே இன்னும் இடம் இருந்தும் அவர் கார் வளைவின் உள்முனையைத் தொடாமல் வெளியே விலகியது. அவருடைய முன் இடது சக்கரம் வெர்ஸ்டாப்பனின் பின் வலது சக்கரத்தில் பட்டது. அதனால் ‘பெரும்பாலும்’ அவர் தவறு என்றார்கள். முழுத் தவறு என்று சொல்லவில்லை. ஒருவர் நூறு சதவீதம் குற்றவாளி, மற்றவர் அப்பாவி என்று பிரிப்பது இன்னொரு பிழை. அதே பந்தயத்தின் 50ஆவது சுற்றில், அதே காப்ஸில் லெக்லெர்க் என்ற ஓட்டுநரை ஹாமில்டன் முந்தியதைப் போட்டுப் பாருங்கள். இந்தத் தடவை உள்முனையை ஒட்டியே போகிறார். எனக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைத்ததில்லை.

பின்னால் வந்தவர்தான் இடித்தார் என்ற சாலை விபத்துக் கணக்கும் இங்கே செல்லாது. 2025இல் எஃப்ஐஏ (கார் பந்தயங்களை நிர்வகிக்கும் உலக அமைப்பு) வெளியிட்ட வழிகாட்டலின்படி, உள்பக்கமாக முந்துபவரின் முன் சக்கர அச்சு, உள்முனைக்கு முன்பும் அங்கே சேரும்போதும் மற்றவரின் பக்கக் கண்ணாடிக்காவது இணையாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அவருக்கு இடம் விட்டே ஆக வேண்டும்.

ஓட்டுநரின் பழைய கதையைக் கிளறுவதும் வேண்டாம். 2024இல் இத்தாலியின் மான்சாவில் சக ஓட்டுநர் காஸ்லியுடன் நடந்த சின்ன உரசலுக்காக ஓட்டுநர் மேக்னஸனின் தண்டனைப் புள்ளிகள் 12 ஆகி, தடையால் அடுத்த பந்தயமே போனது. தடை பழைய புள்ளிகளும் சேர்ந்ததால் வந்தது, சரி. ஆனால் அந்த உரசல் எவ்வளவு பெரிய தவறு என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். அது ஒன்றுமே இல்லை என்று காஸ்லியே சொன்னார்.

அப்புறம், ஸ்லோ மோஷன். காப்ஸில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 80 மீட்டர் போகிறார்கள். காட்சியை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் எல்லாமே வேண்டுமென்றே செய்தது போலத் தெரியும். முதலில் இரண்டு கார்களின் ஆன்போர்டு காட்சியையும் (காரிலேயே பொருத்திய கேமரா எடுத்தது) நிஜ வேகத்தில் பாருங்கள். யார் எங்கே பிரேக் பிடித்தார், ஸ்டியரிங் எப்போது திரும்பியது என்று கவனியுங்கள். மோதிய கணத்தை அதற்கப்புறம் நிறுத்திப் பார்க்கலாம்.