சிப்பித் துளைக்கு வார்ப்பு எடுப்பது எப்படி?

சிப்பி ஓட்டில் கடல் உயிர் போட்ட துளைக்குள் ரெசின் என்ற பிசினை நிரப்பி இறுகவிட்டு, ஓடு முழுக்க அமிலத்தில் கரைந்தால் மிஞ்சுவதுதான் துளையின் வார்ப்பு. எது துளை? எலியும் நண்டும் தோண்டுவது வளை: மெத்தென்ற மண்ணை ஒதுக்கித் தள்ளிப் போட்ட வழி. கல்லாக இறுகிவிட்ட கடல் தரையையோ சிப்பி ஓட்டையோ அரித்து உள்ளே போனால் அது துளை. புதைபடிவத்தில் இரண்டையும் பிரிக்க, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் விளிம்பைப் பாருங்கள். பாறையில் பதிந்த கிளிஞ்சல் துண்டு விளிம்போடு நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தால் துளை.

காரைக்குடிப் பக்கத்து ஊருணிப் படிகளில் செம்புறாங்கல் முழுக்க ஓட்டைதானே என்று கேட்கலாம். அது உயிரினம் போட்டதல்ல. கரையக்கூடியதை மழைநீர் கொண்டுபோன பிறகு இரும்பு மிஞ்சி இறுகிய கல்.

அசலைப் பார்க்க அரியலூர் போக வேண்டும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையின் கிரைபியா சிப்பிகள் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழசு. அவற்றின் ஓடுகளில் கடற்பஞ்சு துளைத்த தடம் உண்டு, பெயர் என்டோபியா. பெயர் துளைக்குத்தான், துளைத்த உயிருக்கு அல்ல. இன்றைய கடலில் அதே வேலையைச் செய்வது கிளியோனா என்ற கடற்பஞ்சு.

புதைபடிவத்தை அமிலத்தில் போட்டுவிடாதீர்கள். துளைக்குள் அடைந்திருப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புதான். இரண்டும் சேர்ந்து கரையும். பழக இன்றைய சிப்பி போதும்.

தொண்டி மாதிரியான கடற்கரையில் ஒதுங்கிய, தடித்த செத்த ஓடாகத் தேடுங்கள். சல்லடை போல 1 முதல் 2 மில்லிமீட்டர் ஓட்டைகள் நெருக்கமாக இருந்தால் கடற்பஞ்சு. ஒரே ஒரு வட்டத்துளை, வெளியே அகன்று உள்ளே குறுகியிருந்தால் அது நத்தை இரை தின்ற தடம், நமக்கு வேண்டாம். பவளத் துண்டை எடுக்கவே கூடாது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.

முதலில் சுத்தம். 2 சென்டிமீட்டர் துண்டாக உடைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் 2 நாள் ஊறவையுங்கள். உள்ளே காய்ந்த சதை நுரைத்து வெளியேறும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம்: அதன் மிச்சம் பின்னால் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கழுவி, 3 நாள் வெயிலில் காய வையுங்கள். ஈரம் இருந்தால் ரெசின் பால் போல வெளுத்துவிடும்.

அடுத்தது ரெசின். கைவினைக் கடையில் கிடைக்கும் நீர்த்த, மெதுவாக இறுகும் எபாக்சி வாங்குங்கள். உடைந்ததை ஒட்டும் கெட்டிப் பசை மெல்லிய குழாய்க்குள் இறங்காது. டப்பாவில் போட்ட விகிதத்தில் 20 மில்லி கலக்குங்கள். கண்ணளவு கூடாது, விகிதம் தப்பினால் பிசுபிசுத்தே நிற்கும். கையுறையும் ஜன்னல் காற்றும் அவசியம்.

இங்கேதான் பலருக்குத் தோல்வி. சும்மா ஊற்றினால் துளைக்குள் இருக்கும் காற்று ரெசினை உள்ளே விடாது. 50 மில்லி சிரிஞ்சுக்குள் சிப்பித் துண்டையும் ரெசினையும் போட்டு, காற்றை வெளியேற்றி, முனையை அடைத்து, பிஸ்டனை இழுத்து 30 விநாடி பிடியுங்கள். துளைகளிலிருந்து குமிழ் கிளம்பும். விட்டதும் ரெசின் உள்ளே புகும். குமிழ் நிற்கும்வரை ஐந்தாறு முறை. சிரிஞ்சு அதோடு சரி, தூக்கிப் போட வேண்டியதுதான்.

துண்டை எடுத்து மேல் ரெசினைத் துடைத்து, டப்பாவில் சொன்ன நேரம், குறைந்தது 24 மணி, இறுக விடுங்கள். பிறகு ஒரு பக்கத்தை 120 எண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். ஓடு வெளியே தெரியாவிட்டால் அமிலம் எதைக் கரைக்கும்?

அமிலத்துக்கு வினிகர்தான். நம் அடுக்களையில் எலுமிச்சைக்கும் புளிக்கும் பஞ்சமில்லை, ஆனால் இரண்டும் இதற்கு ஆகாது. கால்சியத்தோடு சேர்ந்தால் அவை கரையாத வெள்ளை உப்பாகப் படிந்து துளையை மூடிவிடும். வினிகர் தருவது கால்சியம் அசிடேட், தண்ணீரோடு போய்விடும். 5 கிராம் ஓட்டுக்கு 4 சதவீத வினிகர் 150 மில்லி கணக்கு. 200 மில்லி ஊற்றி, 2 நாளுக்கு ஒருமுறை மாற்றி, குமிழ் அடங்கும்வரை வையுங்கள். ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். கரியமில வாயு வெளியேற வேண்டும், மூடியை இறுக்காதீர்கள். பாத்திரத்துக்கு அடியில் தட்டு வையுங்கள்; ஆத்தங்குடிக் கல்லில் வினிகர் சிந்தினால் மினுமினுப்பு போய்விடும்.

குலுக்க வேண்டாம், இழைகள் ஒடியும். தண்ணீரை மெல்ல மாற்றிக் கழுவி, லென்ஸில் பாருங்கள். பாசிமணி கோத்தது போல அறைகளும் அவற்றை இணைக்கும் மெல்லிய இழைகளும் தெரிந்தால் கடற்பஞ்சு. கொண்டை ஊசி மாதிரி மடிந்த குழாய் நின்றால் அதே ஓட்டில் புழுவும் குடியிருந்திருக்கிறது. குட்டையான முளைகள் மட்டும் இருந்தால் ரெசின் உள்ளே போகவில்லை. அடுத்த துண்டில் பிஸ்டனை இன்னும் நாலு முறை இழுங்கள்.