லேசான தலைக்காயம்: தேறும் காலத்தில் சறுக்கும் இடங்கள்

சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் ஸ்கேனில் தெரியும்; மூளை செல்களின் தடுமாற்றம் தெரியாது. சுயநினைவின்றிக் கிடந்தது 30 நிமிடத்தைத் தாண்டவில்லை, குழப்பம் 24 மணி நேரத்துக்குள் தெளிந்தது என்றால் மருத்துவர்கள் லேசான காயம் என்பார்கள். அது அடிபட்ட நேரத்து நிலைதான். அடுத்த வாரம் கூச்சலுக்கு நடுவே கணக்குப் பார்க்க முடியுமா என்பது வேறு கேள்வி.

இதற்கு நேரெதிராக, இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக்கிடப்பதும் ஆகாது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு போதும். பிறகு சிறு நடை, கைவேலை என்று தொடங்கலாம். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தால் கண்கூச்சம் நாளுக்கு நாள் கூடத்தான் செய்யும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது 'நல்ல நாள்' என்பேன். தலை தெளிவாக இருக்கிறதே என்று தேங்கிய வேலை அத்தனையையும் ஒரே மூச்சில் முடிப்பது, அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பது, தேறியதும் மறுபடி அதையே செய்வது. அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முதலில் கைவைப்பது பெரும்பாலும் இங்கேதான். எந்த வேலை எத்தனை நிமிடத்தில் தலையைக் கனக்க வைக்கிறது என்று சில நாள் எழுதிவைக்கச் சொல்வார். 20 நிமிடத்தில் கனத்தால் 15-லேயே எழுந்துவிட வேண்டும், நன்றாக இருக்கும் நாளிலும். தொந்தரவு சற்றே கூடி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பயமில்லை. அடங்காவிட்டால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும்.

மூளைப் பயிற்சி ஆப்களை மட்டும் நம்புவதும் வீண். ஆட்டத்தில் மதிப்பெண் ஏறும், அடுப்பை அணைக்க மறப்பது அப்படியே இருக்கும். மறக்கிற வேலையையே செய்து பழக வேண்டும், அலாரமும் குறிப்பேடும் துணைக்கு. இதில் வெட்கம் எதற்கு? பாசத்தில் எல்லா வேலையையும் வீட்டார் பிடுங்கிக்கொண்டால் பழகவும் வழியில்லை.

மருத்துவர் சொல்லும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். மதுவும் கூடாது. தலைவலி ஏறிக்கொண்டே போவது, அடிக்கடி வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கைகால் பலவீனம் இவற்றில் எது வந்தாலும் தெரபி நாளுக்காகக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.